துண்டறிக்கையிலிருந்து இறங்கி வந்தவன்

உவர்ப்பட்டி கிளை நூலகத்தில் தளவாய் தன்னுடைய பழைய துண்டறிக்கையை வாசித்துக் காட்டிய சனிக்கிழமை போய், ஞாயிறு போய், திங்களும் போய், செவ்வாய்க்கிழமை காலையில் பால்வண்டி வந்து திரும்பிய பிறகு, பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்பாக, அந்தத் துண்டறிக்கையில் செத்துப்போன தொழிலாளி வடக்குத் தெரு வழியாக நடந்து வந்தான். வலது கையை முஷ்டி மடக்கித் தலைக்கு மேலே உயர்த்தியிருந்தான்; இடது கையில் செங்கொடி பிடித்திருந்தான்; கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கங்குகள் கனன்றன; கங்குகளுக்குக் கீழே மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வழுவழுவென்று இருந்தது, ஏனென்றால் கண்ணில் நெருப்பு என்று எழுதிய தளவாய் மூக்கையும் வாயையும் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

தெருவில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் துப்பிவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். "தளவாய் அண்ணாச்சி எழுதுன ஆளுல்லா இது" என்றாள் ஒருத்தி. "கொடியப் பாரு, அதே கொடி." அதற்கு மேல் அன்று காலையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் லாரி வருகிற நாள். வரிசையில் குடம் போடுகிற வேலை இருந்தது.

மழைக்காலத்தில் உவர்ப்பட்டிக்கு வேலை கிடையாது. ஐப்பசி பிறந்தால் பாத்திகளில் மழைத்தண்ணீர் நின்றுவிடும், மார்கழி கடைசி வரைக்கும் உப்பளத்து ஜனம் வானத்தைத் திட்டிக்கொண்டு வீட்டில் கிடக்கும். அந்த மூன்று மாதத்துக்கு என்று நூலகர் ரெஜினா சனிக்கிழமை மதியங்களில் ஒரு வகுப்பு தொடங்கியிருந்தாள். சிறுகதை என்றால் என்ன, அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று கரும்பலகையில் ஆறு வார்த்தை எழுதிப் போட்டிருந்தாள்: கரு, மாந்தர், களம், முரண், நோக்குநிலை, முடிவு. நூலகத்துக் கூரை ஒழுகாது என்பதற்காக வந்த பெண்கள் பதினாறு பேர். இந்தப் பெண் என்னதான் சொல்கிறாள் என்று பார்க்க வந்த ஆண்பிள்ளை ஒருத்தர், அவர் தளவாய்.

தளவாய்க்கு எழுபத்திரண்டு வயது. நாலாம் வகுப்பைத் தாண்டாதவர், எழுத்தைச் சுவரொட்டியில் கற்றவர், உலகத்தை எட்டுப் பக்கச் சிறு பிரசுரங்களில் படித்தவர், ஏழு தடவை சிறைக்குப் போய் ஏழு தடவையும் மாலை போட ஆளில்லாமல் தனியே பஸ் ஏறித் திரும்பியவர். தன்னை மறந்துவிட்ட சங்கத்தின் மேல் அவருக்குக் கோபம் இருந்தது, ஆனால் சங்கத்தை வேறு யாராவது குறை சொன்னால் அவர்கள் மேல் அதைவிடக் கோபம் வந்தது. முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்பு பத்தாயிரம் பிரதி அச்சாகி ஏழு மாவட்டத்துக்குப் போன துண்டறிக்கை ஒன்றை எழுதியவர் அவர். அதைவிடப் பெரிய கதை இந்த நூலகத்தில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு, எழுந்து நின்று, மேடைக் குரலில் வாசித்தார்.

"எங்கோ ஓர் உப்பளத்தில், உப்பு அரித்த கால்களோடு, இடது காலில் சுண்டுவிரல் இல்லாத ஒரு தொழிலாளி, வலது கையை உயர்த்தி, இடது கையில் கொடி ஏந்தி, கண்களில் நெருப்போடு, சீறி வந்த லாரியின் முன்னால் நின்றான். அவன் ரத்தத்தில் உப்பு சிவந்தது. அவன் சாகவில்லை. போராட்டம் தொடரும்."

பெண்கள் கை தட்டினார்கள். கடைசி வரிசையில், உப்பளத்து லாரியில் அடிபட்டுச் செத்த மாசானத்தின் மனைவி பேராச்சி மட்டும் மடியில் கிடந்த கையை எடுக்கவில்லை. ரெஜினா சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"நல்லாருக்கு அய்யா. இந்த ஆளு பேரு என்ன?"

"தொழிலாளி."

"அது வேலை. பேரு?"

"பேரை எழுதினா சாதி தெரியும். சாதி தெரிஞ்சா பாதிப் பேரு ஊர்வலத்துக்கு வர மாட்டான். நீ உப்பளத்துல கூட்டம் சேத்துப் பாத்திருக்கியா?"

"சரி, எங்க நடக்குது?"

"எங்கெல்லாம் சுரண்டல் இருக்கோ அங்கெல்லாம்."

"இதை யாரு பார்த்துச் சொல்றது?"

"வரலாறு பார்த்துச் சொல்லுது."

"அன்னைக்கு வரலாறு எங்க நின்னுச்சு அய்யா?" என்றாள் ரெஜினா, கேலி இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி. "லாரிக்கு முன்னாலயா, பின்னாலயா?"

பெண்கள் சிரித்தார்கள். தளவாய் துண்டறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, குடையை மறந்துவிட்டு மழையில் நடந்து வீட்டுக்குப் போனார். அந்தக் கேள்வி அவர் கூடவே நனைந்துகொண்டு வந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தவன் நிற்கவில்லை. எங்கோ ஓர் உப்பளம் என்று மட்டும் எழுதியிருந்ததால் அவனுக்கு இந்த இடம் என்று ஒன்றும் கிடையாது, ஆகவே எல்லா இடமும் அவனுக்குப் பாதையாயிற்று. முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்து, அடுப்பைச் சுற்றி, தொட்டிலைச் சுற்றி, பின்வாசல் வழியாக வெளியே போனான். பின்வாசல் இல்லாத வீடுகளில் சுவரோடு முட்டிக்கொண்டு கால் மாற்றி மாற்றி நின்ற இடத்திலேயே நடந்தான், யாராவது தோளைப் பிடித்துத் திருப்பிவிடுகிற வரைக்கும். மாதத்தையும் மணியையும் துண்டறிக்கை சொல்லாததால் அவனுக்குக் காலையும் இல்லை, மாலையும் இல்லை. போராட்டம் தொடரும் என்று முடிந்திருந்ததால் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது, சாகவில்லை என்று எழுதியிருந்ததால் சாகவும் முடியாது. இரண்டு கையும் வேலையாக இருந்தன. வாய் இல்லை. மழை பெய்தால் மட்டும் அந்த வழுவழுப்பான முகத்தை வானத்துக்குத் தூக்கிக் காட்டியபடி நடந்தான், தண்ணீர் அதில் வழிந்து கழுத்து வழியாக இறங்கிப் போனது.

ஊர் பழகிக்கொண்டது. பின்வாசல் இல்லாதவர்கள் ஒரு வாசல் வெட்டிக்கொண்டார்கள். கொத்தனார்களுக்கு மழைக்காலத்திலும் வேலை கிடைத்தது. தீப்பெட்டி நமத்துப்போன நாட்களில் பீடிக்காரர்கள் அவன் கூடவே நாலு எட்டு நடந்து, எக்கி, கண்ணில் பற்றவைத்துக்கொண்டார்கள். "ஒரு நிமிசம் நில்லும் வே" என்று சொல்லிப் பார்த்தார்கள், அவன் நிற்கவில்லை என்று வைதார்கள். கல்யாண வீட்டில் அவன் வரும் நேரத்தைக் கணக்கிட முடியாததால் மணவறைக்கு நடுவில் ஒரு ஆள் போகிற அளவுக்கு இடம் விட்டே கட்டினார்கள். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்தவர் அவன் பின்னாலேயே அரை நாள் நடந்து, பெயர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை, கைரேகை எடுக்கலாம் என்றால் முஷ்டி பிரியவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். அரசாங்கம் அதோடு திருப்திப்பட்டது.

வெளியூர்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். போராட்டத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள், மில்லிலும் துறைமுகத்திலும் தோட்டத்திலும் அண்ணனையும் தம்பியையும் பறிகொடுத்தவர்கள். துண்டறிக்கை ஏழு மாவட்டத்துக்குப் போயிருந்தது, அதில் பெயர் இல்லாததால் அவன் யாருடையவனாகவும் இருக்கலாம். பஸ்ஸை விட்டு இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு, அவனோடு ஓட்டமும் நடையுமாகப் போய், அந்த முகமில்லாத முகத்தைப் பார்த்தார்கள். சிலர் ஆமாம் என்று அழுதார்கள், சிலர் இல்லை என்று அழுதார்கள். எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இவன் எதற்கு இப்படி நடக்கிறான், யாராவது உட்கார வைக்கக் கூடாதா?

பேராச்சி வாசலில் நின்று முதல் நாளே பார்த்துவிட்டாள். "இது அவரு இல்ல" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். "அவரு இடதுகைக்காரரு. சோறு திங்க மட்டுந்தான் வலது கை, மத்த எல்லாத்துக்கும் இடதுதான். இது யாரோ." சொல்லிவிட்டு உள்ளே போகத் திரும்பியவள், அவன் வீட்டுக்குள் நுழைந்து அடுப்பைத் தாண்டிப் போகிறபோது ஈரத் தரையில் பதிந்த தடத்தைப் பார்த்தாள். இடது காலில் நாலு விரல்தான் பதிந்திருந்தது. உப்பளத்து வாய்க்கால் பலகையில் நசுங்கிய சுண்டுவிரலை வெட்டி எடுத்த அன்று ஆஸ்பத்திரியில் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். தரையில் குந்தி உட்கார்ந்து அந்தத் தடம் காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவன் வருகிற போதெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீரோடு வாசலில் நின்றாள். அவன் நிற்காமல் போனான். டம்ளர் அப்படியே திரும்பியது.

தை பிறந்து, வெயில் ஏறி, பாத்திகளில் உப்பு பூத்தபோதுதான் விஷயம் பெரிதானது. அவன் கால் பட்ட பாத்தியில் எல்லாம் உப்பு சிவந்தது. வாருபலகையால் இழுத்தால் செம்பருத்தியை அரைத்துக் கொட்டினது மாதிரி வந்தது. பழைய முதலாளியின் மருமகன்தான் இப்போது முதலாளி. அவர் முதல் நாள் தலையில் கை வைத்துக்கொண்டார், இரண்டாம் நாள் கொஞ்சம் எடுத்து நாக்கில் போட்டுப் பார்த்தார், மூன்றாம் நாள் நகரத்திலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்து படம் எடுக்க வைத்தார். பங்குனிக்குள் செவ்வுப்பு என்று கண்ணாடிக் குப்பியில் அடைத்து, விமானம் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். குப்பியின் மேல் உயர்த்திய முஷ்டி ஒன்று அழகாக அச்சாகியிருந்தது.

"தோழர், பார்த்தீங்களா?" என்று சங்கச் செயலாளர் அய்யாத்துரை தளவாயிடம் வந்து சொன்னார். "உங்க எழுத்து எங்க போயிருக்கு பாருங்க. வேலையும் கூடியிருக்கு, அடுத்த மழைக்கும் வேலை இருக்குன்னு முதலாளி சொல்லிட்டாரு. மாநாட்டுக்கு அவனை முன்னால நடக்கவிட்டு ஒரு ஊர்வலம் வைக்கலாம்னு கமிட்டியில பேசியிருக்கோம்."

"முஷ்டிய குப்பியில ஒட்டி விக்கான். அதுக்கு நீ ஊர்வலம் வைக்கே" என்றார் தளவாய்.

"நம்ம சின்னம் வீடு வீடாப் போகுதுன்னு எடுத்துக்கிட வேண்டியதுதான்."

தளவாய் காறித் துப்பினார். ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது, அதை அவர் மறைக்கவில்லை. தன் வரி ஒன்று எழுந்து நடந்து, முதலாளியையும் வட்டாட்சியரையும் தன் பின்னால் நடக்கவைத்த பாக்கியம் எந்த எழுத்தாளனுக்கு வாய்த்தது என்று நினைத்தார். அப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதே அவன் அவர் வீட்டுக்குள் வந்து, அவர் சாய்ந்திருந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு பின்வாசலில் போனான். ஊரில் எல்லார் வீட்டுக்கும் போகிறவன்தான், ஆனால் இங்கே மட்டும் அந்த இரண்டு கங்குகளும் போகும்போது ஒரு தடவை திரும்பின.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பு பேராச்சி வந்தாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, அவரை நிறுத்துங்க."

"நான் எப்படித் தாயி நிறுத்த? அவன் இப்ப என் கையில இல்ல. மக்கள் சொத்து."

"மக்கள் சொத்துக்கு நான் சோறு போட்டிருக்கேன், விரல் போன காலுக்கு மருந்து வச்சிருக்கேன். நீங்கதான எழுதுனீங்க? மாத்தி எழுதுங்க. ஒரு வாய் எழுதுங்க. தண்ணி குடிக்கட்டும், உக்காரட்டும், போகட்டும்."

தளவாய் எழுதினார். முப்பத்துநாலு வருஷத்துக்கு அப்புறம் பேனா பிடித்தாலும் கை பழைய பாதையிலேயே ஓடியது. சிங்கம் போன்ற முகம் என்று எழுதினார். அது நன்றாக வந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. மறுநாள் காலையில் அவன் பிடரி மயிரும் கோரைப்பல்லுமாகப் பள்ளிக்கூடத்து வழியாகப் போனான், மூன்று வகுப்புகள் ஒரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டன. "வாய் கேட்டேன், அண்ணாச்சி," என்றாள் பேராச்சி, "அதுக்குள்ள இம்புட்டுப் பல்லா கேட்டேன்?" தளவாய் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சரித்திர நாயகனின் முகம் என்று எழுதிப் பார்த்தார், அதற்கு முறுக்கு மீசையும் ரோஸ் பவுடருமாக சினிமாத் தட்டி முகம் ஒன்று வந்து, வாய் திறக்காமல் சிரித்தது. அதையும் கிழித்தார், முகம் மறுபடி வழுவழுவென்று ஆயிற்று.

கிழித்த தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை இல்லாத ஒரு நாளில், யாரும் இல்லாத நேரம் பார்த்து நூலகத்துக்குப் போனார். கரும்பலகையில் அந்த ஆறு வார்த்தைகளும் மங்கிக் கிடந்தன.

"கரு இருக்கு," என்றார், வணக்கம் சொல்லாமல். "முரண் இருக்கு, வர்க்க முரண், அதைவிட என்ன வேணும். முகத்தை எழுதிப் பார்த்தேன், வரல. என்னதான் குறையுது?"

ரெஜினா தாள்களை ஒட்டவைத்து வாசித்தாள். சிங்கத்துக்கு மட்டும் கொஞ்சம் சிரித்தாள். "அன்னைக்கு நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல அய்யா."

"எது?"

"யாரு பாத்தது? நீங்க நின்ன இடத்துல இருந்து அவரு முகம் தெரிஞ்சுச்சா?"

தளவாய் தாள்களைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டார். "தெரிஞ்சுச்சு" என்றார். பிறகு, "என்னைப் பார்த்துக்கிட்டேதான் போனான்" என்றார். மறந்துபோன குடை அலமாரி ஓரத்தில் சாய்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு, வெயிலில் விரிக்காமல், உப்பளத்துப் பாதையில் நடந்தார்.

வாரக் கூலி நாள். உச்சிப்பொழுதில் அளத்து வாசலில் ஆணும் பெண்ணுமாக இருநூறு பேர் நின்றார்கள். தளவாய் வாசலுக்குப் பக்கத்திலிருந்த மதகின் மேல் ஏறி நின்றார். அவர் ஏறினாலே கோஷம் போடுவது அந்த ஊரின் பழக்கம், யாரோ ஆரம்பிக்கவும் செய்தார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரும் கத்தாதீங்க" என்றார். "அன்னைக்குக் கத்துனது போதும்."

கூட்டத்துக்கு நடுவே அவன் வந்துகொண்டிருந்தான், முஷ்டியும் கொடியுமாக. பேராச்சி வழக்கம்போல டம்ளரோடு வழியில் நின்றாள்.

"அவன் பேரு மாசானம்," என்றார் தளவாய். அவன் கால் ஒரு தடவை தடுமாறியது. "எந்தத் தெருக்காரன், என்ன சாதின்னு உங்க எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சு பாதிப் பேரு முகத்தை இப்பவே திருப்புறீங்க, திருப்பிக்கிடுங்க. நடந்தது எங்கோ இல்ல. இந்த வாசல்ல. சித்திரை மாசம் பதினொண்ணாம் தேதி, பகல் பதினொண்ணரை மணி. குடிக்கத் தண்ணி வேணும்னு கேட்டு உக்காந்திருந்தோம். முதலாளி தண்ணி தர்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி யாரும் குடிக்கக் கூடாதுன்னு சொன்னது சங்கம் இல்ல, நான். பத்திரிகைக்காரன் வாரான்னு நான் வச்ச சட்டம் அது."

"தோழர், இறங்குங்க" என்று அய்யாத்துரை கீழேயிருந்து சொன்னார். "எதிரி கையில ஆயுதத்தைக் கொடுக்கீங்க."

"எதிரிட்ட நம்ம முஷ்டியே இருக்கு, குப்பியில. சும்மா இரி." தளவாய் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உப்பு ஏத்தின லாரி இங்க நின்னுச்சு, மூஞ்சி ரோட்டைப் பாத்து. நாம முன்னால. மாசானம் மூணு தடவை என்கிட்ட வந்தான். அண்ணே, நாக்கு ஒட்டுது, ஒரு மடக்குக் குடிச்சிட்டு வந்திருதேன்னான். ஒரு மணி நேரம் இருன்னேன். மூணாவது தடவை போயிட்டான். லாரிக்குப் பின்னால கிளீனர் பையன் கேன்ல தண்ணி வச்சிருந்தான், அவன் டம்ளர்ல ஊத்திக் கொடுத்தான். அப்பதான் என்னைப் பார்த்தான். நான் இந்த மதகு மேலதான் நின்னேன். எனக்கு முன்பக்கமும் தெரிஞ்சுது, பின்பக்கமும் தெரிஞ்சுது."

அவன் நடை மெதுவானது. உயர்ந்திருந்த முஷ்டி தோள் வரைக்கும் இறங்கியிருந்தது.

"தண்ணிக்காகப் போராடுறவன் முதலாளி லாரித் தண்ணியைக் குடிக்கான். படம் பிடிக்கிறவன் திரும்பினா முடிஞ்சுது. யாரும் திரும்பக் கூடாதுன்னு நான் கோஷத்தை ஓங்கிப் போட்டேன். நீங்களும் ஓங்கிக் கத்துனீங்க. லாரிக்காரன் பயந்துபோயிட்டான். சீறி வரல. பின்னால எடுத்தான், அளத்துக்குள்ளயே திரும்பிப் போயிரலாம்னு. ஜெயிச்சிட்டோம் அந்த நிமிசத்துல. கிளீனர் நிறுத்து நிறுத்துன்னு தட்டினான், மாசானமும் கத்தியிருப்பான். கேக்கல. என் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு."

இருநூறு பேர் நின்ற இடத்தில் உப்பு வெடிக்கிற சத்தம் கேட்டது. கங்குகள் அணைந்து, சாம்பல் உதிர்ந்து, அதற்குள்ளிருந்து சாதாரணமான இரண்டு கண்கள் வெளிச்சத்துக்குக் கூசின. மூக்கு வந்தது, சற்று வளைந்த மூக்கு. அம்மைத் தழும்பு நாலைந்து வந்தது. வாய் கடைசியில் வந்தது, உதடு வெடித்திருந்தது. கொடி கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை.

"நானும் முன்வரிசையில உக்காந்து கத்துனேன்," என்றாள் பேராச்சி, தளவாயைப் பார்க்காமல். "ஓடிப்போய் மடியில தூக்குனப்ப உதடு ஈரமா இருந்துச்சு. ரத்தம் இல்ல, தண்ணி. எங்க இருந்து வந்துச்சுன்னு இத்தன வருசமா ஒருத்தருட்டயும் கேக்கல. கேட்டா நீங்க எழுதுனது பொய்யாயிருமேன்னு." பிறகு கேட்டாள்: "டம்ளர்ல இருந்ததைப் பூரா குடிச்சிட்டாரா?"

"பாதி," என்றார் தளவாய். "பாதி குடிச்சிருந்தான்."

மாசானம் இடது கையை நீட்டினான். பேராச்சி டம்ளரைக் கொடுத்தாள். அவன் அண்ணாந்து ஊற்றவில்லை, வாய் வைத்து, அவசரமில்லாமல், தொண்டை ஏறி இறங்கக் குடித்தான். வாயைப் புறங்கையால் துடைத்தான். மதகு ஓரத்து நிழலில் உட்கார்ந்து, உப்பு அரித்த கால்களை நீட்டி, விரல் இல்லாத இடத்தைச் சொறிந்துகொண்டான். பேராச்சி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்பது யாருக்கும் கேட்கவில்லை. ஒரு தடவை அவள் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு அவன் படுத்தான். நிழல் நகர்ந்து வெயில் அந்த இடத்துக்கு வந்தபோது அங்கே பேராச்சி மட்டும் இருந்தாள், காலி டம்ளரும் இருந்தது.

தளவாய் மதகிலிருந்து இறங்கி அவள் அருகில் வந்தார். பேசிப் பேசி அவர் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் குடத்தில் தண்ணீர் இருந்தது. அவர் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"உம்ம வீட்டுல தண்ணி இருக்கும்லா," என்றாள். "போய்க் குடியும்."

நீங்க என்று மரியாதையாகச் சொல்லிவந்தவள் அன்றிலிருந்து நீரு என்றுதான் சொன்னாள்.

அடுத்த வாருகையில் உப்பு வெள்ளையாக வந்தது. செவ்வுப்பு நின்றது, மழைக்கால வேலை பற்றிய பேச்சும் நின்றது. வேலை போனவர்கள் தளவாய் வீட்டுப் பக்கம் போகும்போது சத்தமாகத் துப்பினார்கள். சங்கம் அவரை நீக்கிவிட்டதாக வந்த தபாலில் அய்யாத்துரையின் கையெழுத்து நடுங்காமல் இருந்தது. புதிதாக வெட்டிய பின்வாசல்களைச் சிலர் அடைத்தார்கள், சிலர் காற்று வருகிறது என்று விட்டுவிட்டார்கள். முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்பு போராடி வாங்கிய தண்ணீர்த் தொட்டி அளத்து வாசலில் வறண்டு, உள்ளே ஓணான் முட்டையிட்டுக் கிடப்பதை அப்போதுதான் ஊர் மறுபடி பார்த்தது.

சித்திரை பதினொன்றுக்குத் தளவாய் ஒரு துண்டறிக்கை எழுதினார். நூறு பிரதிதான் அடிக்க முடிந்தது. அதில் மாசானத்தின் பெயர் இருந்தது, தெரு இருந்தது, மணி இருந்தது, மதகு இருந்தது, மதகின் மேல் நின்றது யார் என்று இருந்தது. தொடரும் என்ற வார்த்தை இல்லை. தொட்டியில் தண்ணீர் வேண்டும் என்று முடிந்திருந்தது. ஊர்வலத்துக்குப் பாதிப் பேர் வர மாட்டார்கள் என்று அவர் அந்தக் காலத்தில் போட்ட கணக்கு தப்பு. பதினொரு பேர்தான் வந்தார்கள். பேராச்சி முன்னால் நடந்தாள், ரெஜினா நடுவில், தளவாய் எல்லாருக்கும் பின்னால், எல்லாருடைய முதுகும் தெரிகிற இடத்தில். ஆளுக்கொரு வெறுங்குடம் எடுத்து வந்திருந்ததால் முஷ்டியை உயர்த்த ஒருத்தருக்கும் கை இல்லை. யாரும் கத்தவில்லை. பின்னால் ஏதாவது வண்டி வந்தால் கேட்டிருக்கும்.